பூசாத செங்கல் சுவர், எலிப்பொறிக் கட்டு, ஜாலி: தரை + ஒரு மாடி வீட்டுக்குச் சரிவருமா?

கூடுவாஞ்சேரி_மனை எழுதியது:

30க்கு 50 மனை. தரைத்தளமும் ஒரு மாடியும் மட்டுமே, மேலே கட்டும் எண்ணம் இல்லை. பெரிய அறை 12க்கு 16, மற்றவை 10க்கு 12. மண்ணைத் தோண்டிப் பார்த்ததில் மேலே நாலு அடி களிமண், அதற்குக் கீழே கெட்டியான கிராவல். போர் தண்ணீர் உப்பு.

கேள்விகள்:

1. பில்லர் இல்லாமல் ஒன்பது இன்ச் சுவரே சுமை தாங்கும்படி கட்டலாமா? பொறியாளர் "யாரும் இப்போ அப்படிக் கட்டுறதில்ல, பில்லர் போட்டுடலாம்" என்கிறார். காரணம் சொல்லவில்லை.

2. வெளிச்சுவரை ராட்-ட்ராப் என்கிற எலிப்பொறிக் கட்டாகக் கட்டி, வெளிப்பக்கம் பூசாமல் விட ஆசை. கொத்தனார் "ரெண்டு பக்கமும் பூசலேன்னா ஐப்பசி மழையில தண்ணி உள்ள எறங்கும்" என்கிறார்.

3. மாடிப்படிப் பக்கம் 10 அடி உயரத்துக்கு ஜாலி (கல்லுக்குக் கல் இடைவெளி விட்டுத் துளைகளோடு கட்டும் சுவர்), வாசல் ஜன்னல் மேல் வளைவு. இவை வெறும் அழகுக்கா, சுமைக்கும் உதவுமா?

4. சேம்பர் கல்லா (சேம்பர் சூளையில் சுட்டது), வயர்கட் கல்லா (இயந்திரத்தில் பிதுக்கிக் கம்பியால் அறுத்தது)?

---

தூக்குக்குண்டு எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் பதில். கட்டலாம். "யாரும் கட்டுறதில்ல" என்பது காரணம் ஆகாது. ஆனால் பில்லர் போடச் சொல்வதற்கு நியாயமான காரணங்கள் உண்டு: கீழே கார் நிறுத்த திறந்த இடம், மேல் தளச் சுவர் கீழ்ச் சுவருக்கு நேராக இல்லாத பிளான், சுவரே இல்லாத பெரிய ஹால், பின்னால் மூன்றாவது மாடி. இந்த நாலில் ஒன்று இருந்தாலும் சுமைதாங்கும் சுவரை மறந்துவிடுங்கள். உங்கள் பிளானில் இவை இல்லாவிட்டால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டு பக்கமும் 12 அடி அறை உள்ள நடுச்சுவர்தான் அதிகம் தாங்கும். இரண்டு கான்கிரீட் தளத்தின் எடையும் அதன் மேல் வரும் பாரமும் சேர்ந்து மீட்டருக்கு சுமார் 46 கிலோநியூட்டன். இரண்டு மாடிச் சுவரின் சொந்த எடை 27. ஆக 73, அதாவது மீட்டருக்கு ஏறத்தாழ ஏழரை டன். ஒன்பது இன்ச் கெட்டிச் சுவரில் இது சதுர மில்லிமீட்டருக்கு 0.32 நியூட்டன். கல்லின் நசுங்கு வலு 5 நியூட்டன், கலவை 1:5 (சிமெண்ட் ஒன்று, மணல் ஐந்து) என்றால் செங்கல் சுவருக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 1905 தரும் அடிப்படை அளவு 0.5. சுவரின் உயரம்-தடிமன் விகிதத்துக்காகக் கழித்தால் 0.44. இடம் இருக்கிறது.

அதே நடுச்சுவரை எலிப்பொறிக் கட்டாகக் கட்டினால் சுவருக்குள் கிட்டத்தட்ட 30 சதவீதம் வெற்றிடம். சுவரின் எடை குறைந்தாலும் அழுத்தம் 0.40க்கு ஏறிவிடும். விளிம்பில் நிற்கிற மாதிரி. வெளிச்சுவருக்கு ஒரு பக்கத் தளம் மட்டுமே வருவதால் அங்கே 0.26தான். ஆகவே என் யோசனை: வெளிச்சுவர் எலிப்பொறி, நடுச்சுவர்கள் கெட்டியான இங்கிலீஷ் கட்டு (ஒரு வரி நீளக்கல், அடுத்த வரி குறுக்குக்கல்). நாலரை இன்ச் சுவர் எதுவும் தளத்தைத் தாங்கக் கூடாது. அது அறை பிரிக்க மட்டும்.

மேலே சொன்னது யோசிப்பதற்கான கணக்கு. வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிறவர் உங்கள் அளவுகளை வைத்துத் திரும்பப் போட வேண்டும்.

சுமையைவிட எனக்குக் கவலை மண்தான். களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். பில்லர் வீடு அதைக் கொஞ்சம் பொறுக்கும். செங்கல் சுவர் பொறுக்காமல் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் பிளக்கும். கடைக்கால் நாலு அடியோடு நிற்காமல் கிராவலுக்குள் அரை அடியாவது இறங்க வேண்டும். மண் தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 12 டன் என்று சோதனையில் வந்தால் நடுச்சுவருக்கு இரண்டரை அடி அகலம் தேவைப்படும். பேஸ்மென்ட் மட்டத்தில் வீடு முழுக்கச் சுற்றி வரும் கான்கிரீட் பெல்ட் கட்டாயம்.

சென்னைப் பகுதி ஐ.எஸ். 1893இன் 2002, 2016 பதிப்புகளில் நில அதிர்வு மண்டலம் 3. அதனால் லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் உத்திரம்) மட்டத்திலும் எல்லாச் சுவரிலும் விடாமல் ஓடும் பெல்ட்: 75 மி.மீ. தடிமன், 10 மி.மீ. கம்பி இரண்டு, 150 மி.மீ.க்கு ஒரு 6 மி.மீ. வளையம். ஜன்னலுக்கு மேல் மட்டும் லிண்டல் போட்டு நிறுத்துவது இங்கே உதவாது. மூலைகளிலும் சுவர் கூடும் இடங்களிலும் கடைக்காலிலிருந்து மேல்தளம் வரை 12 மி.மீ. கம்பி ஒன்று. மூலையிலிருந்து இரண்டு அடி தள்ளித்தான் ஜன்னல். இரண்டு ஜன்னலுக்கு நடுவிலும் இரண்டு அடிச் சுவர். ஒரு சுவரின் நீளத்தில் கதவும் ஜன்னலும் சேர்ந்து பாதியைத் தொடக் கூடாது.

பொறியாளர் இதற்கும் ஒத்துவராவிட்டால் நடுவழி ஒன்று உண்டு. முதலில் சுவரின் ஓரத்தைப் பல் விட்டு (ஒரு வரி நீட்டி, ஒரு வரி உள்வாங்கி) கட்டி, பிறகு மூலைகளில் ஒன்பதுக்கு ஒன்பது சிறு பில்லரை அந்தப் பல்லுக்குள் வார்ப்பது. கான்கிரீட் சுவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும், சுமையைச் சுவரே தாங்கும். ஐ.ஐ.டி. காந்திநகர் வளாக விடுதிகளும் குடியிருப்புகளும் இந்த முறையில் எழுந்தவைதான்.

---

சித்தாள்முதல் எழுதியது:

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். கொத்தனார் சொல்றதுல பாதி நிஜம்.

எலிப்பொறிக் கட்டுல கல்லைப் படுக்க வைக்காம விளிம்புல நிறுத்துறோம். வெளியில ஒண்ணு, உள்ள ஒண்ணு நீளவாட்டுல. நடுவுல மூணே கால் இன்ச் பொந்து. அடுத்தது குறுக்கால ஒரு கல், அதுவும் விளிம்புல நின்னபடி. அப்புறம் மறுபடி ரெண்டு நீளக்கல். மேல் வரியில குறுக்குக்கல் கீழ் நீளக்கல்லோட நடுவுல உக்காரும். 8¾ × 4¼ × 2¾ கல்லுக்கு, கல்லுக்குக் கல் கலவைச் சந்து 10 மி.மீ. வச்சா, 100 சதுர அடிக்கு 755 கல். சேதாரம் சேர்த்து 800 எடுங்க. சாதா ஒன்பது இன்ச் கட்டுக்கு இதே பரப்புக்கு 1000 ஆகும். சிமெண்ட் 1:6 கலவையில மூணு மூட்டைக்குப் பதிலா ரெண்டுக்குள்ள அடங்கும்.

மிச்சம் ஆகுறது கல்லும் கலவையும்தான், கூலி இல்ல. பழகாத கொத்தனார் முதல் வாரம் பாதி வேகத்துலதான் போவார். நாள் கூலியா சதுர அடிக் கணக்கான்னு முன்னாடியே பேசிடுங்க.

தண்ணி எறங்குறதுக்கு வழி ரெண்டு: ஒண்ணு குறுக்குக்கல், அது வெளியிலேருந்து உள்வரைக்கும் ஒரே கல்லா ஓடுது. இன்னொண்ணு சரியா நிரம்பாத செங்குத்துச் சந்து. ரெண்டுக்கும் மருந்து இருக்கு:

– நிறுத்தின கல்லோட செங்குத்துச் சந்துல கலவை சாதாரணமா பாதிதான் நிரம்பும். கல்லை வைக்கிறதுக்கு முன்னாடியே அதோட பக்கத்துல கலவையை அப்பிட்டு அழுத்தணும். வச்சிட்டு மேலேருந்து கரண்டியால குத்துறது வேலைக்கு ஆகாது.

– பொந்துக்குள்ள கலவை விழுந்தா, விழுந்த இடம் வழியா ஈரம் வெளிக்கல்லுலேருந்து உள்கல்லுக்குத் தாவும். மூணு இன்ச் அகலப் பலகைத் துண்டைப் பொந்து மேல வச்சிட்டு ரெண்டு ஓரத்துலயும் மட்டும் கலவை போட்டு, பலகையைத் தூக்கிட்டுக் கல்லை வைங்க. இந்த ஒரு பலகைக்குத்தான் தினமும் சண்டை வரும். விடாதீங்க.

– சந்துகளை அன்னிக்கே, கலவை பச்சையா இருக்கும்போதே 12 மி.மீ. ஆழம் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால தூசு தட்டி, அப்புறம் 1:3 கலவையால சந்தை மூடுற பாயிண்டிங். வெளிப்பக்கம் ஆழமான பள்ளக்கோடு வேண்டாம். படத்துல நிழல் விழுந்து அழகா இருக்கும், ஆனா ஒவ்வொரு வரியிலயும் ஒரு சின்னத் தண்ணித்தொட்டி. கல்லோட முகத்துக்கு ஒட்டி, மேல் விளிம்பு கொஞ்சம் உள்ள போற சாய்வு போதும். பள்ளக்கோடு ஆசையை ஹாலுக்குள்ள தீர்த்துக்கங்க.

– உள்பக்கம் 12 மி.மீ. பூச்சு. வடக்கு, கிழக்குச் சுவருக்கு ரெண்டு அடி சன்ஷேடு.

இதெல்லாம் செஞ்சா பூசாத சுவர் நிக்கும். ஒண்ணு விட்டாலும் கொத்தனார் சொன்னதே நடக்கும்.

இப்ப வரிக்கணக்கு. நிறுத்தின கல் 4¼, சந்து 0.4, ஆக வரிக்கு 4.65 இன்ச். 18 வரி வந்தா 83.7, அதாவது லிண்டலோட ஏழு அடி. ஜன்னல் அடிமட்டத்தை மூணு அடின்னு வரைபடத்துல போட்டிருப்பாங்க. அங்க வரி ஏழே முக்கால்ல நிக்கும், கல்லை வெட்ட வேண்டிவரும். 8 வரின்னு மாத்தி 37 இன்ச்ல வைங்க, ஜன்னல் சரியா 10 வரி உயரம் ஆயிடும். நேரான கட்டையில இந்த 4.65ஐ ஆணியால கோடு போட்டு ரெண்டு மூலையிலயும் நிறுத்திட்டு, நூல் கட்டி வேலை பாக்கணும்.

கதவு ஜன்னல் ஓரம், ஜன்னல் அடி, லிண்டலுக்குக் கீழ் வரி, தளத்துக்குக் கீழ் வரி, பேஸ்மென்ட் மேல முதல் வரி: இங்கெல்லாம் பொந்து கூடாது. கல்லை விளிம்புல நிறுத்தியே குறுக்கால நெருக்கி அடுக்குனா வரி உயரமும் மாறாது. திறந்த பொந்தை விட்டா எறும்பு குடி வந்துடும்.

ஒரு நாளைக்கு மூணே கால் அடிக்கு மேல ஏத்தாதீங்க. கல்லை மணிக்கணக்குல ஊறவிடாம குமிழி நின்னதும் எடுங்க. அதிகம் ஊறின கல் கலவை மேல மிதக்கும். ஏழு நாள் தண்ணி.

எல்லாத்தையும் விட முக்கியம்: கரண்ட் பாயிண்ட். பூசாத சுவரைப் பிறகு கிழிக்க முடியாது. குறுக்குக்கல்லுக்குக் குறுக்குக்கல் நடுவுல கீழேருந்து மேல வரை நேரா மூணு இன்ச் பொந்து கிடைக்கும். முக்கால் இன்ச் குழாய் அதுல தாராளமா ஏறும், ஆனா கட்டும்போதே ஏத்தணும். சுவிட்ச், ஏசி, தெருவிளக்கு, காலிங் பெல் வரைக்கும் பாயிண்ட் லிஸ்ட் முதல் வரிக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும். ஏசி, வாஷ்பேசின், டிவி தொங்குற இடத்தைக் கெட்டியாக் கட்டச் சொல்லுங்க. பொந்துக்கு முன்னால இருக்கிறது வெறும் 2¾ இன்ச் கல். பாத்ரூம் சுவருல எலிப்பொறியே வேண்டாம்.

---

கூடுவாஞ்சேரி_மனை எழுதியது:

இருவருக்கும் நன்றி. நடுச்சுவர் கெட்டி, வெளிச்சுவர் எலிப்பொறி என்று பொறியாளரிடம் பேசுகிறேன். வாசல் ஜன்னல் நாலு அடி அகலம். அதன் மேல் வளைவை லிண்டல் இல்லாமல் கல்லிலேயே விடலாமா? ஜாலிக்கும் யாராவது அளவு சொன்னால் நல்லது.

---

வளைவுப்பலகை எழுதியது:

வளைவு சுமை தாங்கும், ஜாலி தாங்காது. முதலில் அதைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு அடித் திறப்புக்கு வளைவின் எழுச்சி ஆறில் ஒரு பங்கு, 8 இன்ச். 24 இன்ச் அரை அகலத்துக்கும் 8 இன்ச் எழுச்சிக்கும் ஆரம் 40 இன்ச் வரும். பலகையில் ஆணி அடித்து 40 இன்ச் நூலில் பென்சில் கட்டி வரைந்து வெட்டினால் சென்ட்ரிங் (கட்டும்போது வளைவைத் தாங்கும் பலகை) தயார். அந்த வளைவின் அடி நீளம் 51½ இன்ச். நிறுத்திய கல் 2¾. 17 கல் வைத்தால் அடியில் சந்து 7 மி.மீ. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால்தான் உச்சியில் சந்து விழாமல் கல் விழும்.

எல்லோரும் தவறுவது மேல் விளிம்பில். கல்லை அதன் முழு நீளம் 8¾ இன்ச் உயரத்துக்கு நிற்க வைத்தால் மேல் சந்து 24 மி.மீ. ஆகிவிடும். பார்க்கவும் பல் இளித்தமாதிரி, கலவையும் சுருங்கிப் பிளக்கும். 4¼ இன்ச் உயரம் வரும்படி வைத்தால் மேல் சந்து 15 மி.மீ.தான். ஆகவே ஒரே பெரிய வளையம் வேண்டாம், நாலே கால் இன்ச்சில் இரண்டு வளையம், ஒன்றன் மேல் ஒன்று. முதலாவதை முடித்து, அதன் முதுகை அளந்து இரண்டாவதற்குத் தனியாகக் கல் எண்ணுங்கள். இரண்டு ஓரத்திலிருந்தும் ஒரே சீராக ஏறி உச்சிக்கல்லைக் கடைசியில் இறக்க வேண்டும். ஏழு நாளுக்குப் பிறகே சென்ட்ரிங் பிரிப்பது.

வளைவு பக்கவாட்டில் தள்ளும். இரண்டு புறமும் இரண்டு அடிக் கெட்டிச் சுவர் இருந்தால் கவலை இல்லை. வீட்டு மூலைக்கு ஒட்டிய ஜன்னலுக்கு வளைவு போடாதீர்கள். தூக்குக்குண்டு சொன்ன லிண்டல் பெல்ட்டும் இங்கே இடிக்கும்: பெல்ட்டை அறுத்துவிட்டு வளைவு கட்டக் கூடாது. வளைவின் முதுகுக்கு மேலே ஒரு வரி விட்டு பெல்ட்டை ஓட்டலாம். அதற்கு அந்த ஜன்னலின் வளைவு தொடங்கும் மட்டத்தைக் கீழே இறக்க வேண்டும்.

ஜாலிக்கு வருகிறேன். திருவனந்தபுரம் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸில் லாரி பேக்கர் சுருள் சுவர் முழுக்கத் துளை விட்டதைப் பார்த்துவிட்டு நிறைய பேர் சதுரச் சுவரில் அதையே செய்கிறார்கள். வட்டச்சுவர் தன் வளைவினாலேயே நிற்கும். உங்களுடைய நேரான நாலரை இன்ச் ஜாலி 10 அடி ஏறினால் காற்றில் ஆடும். அதற்குச் செய்ய வேண்டியது:

கல்லுக்குக் கல் இடைவெளி 4 இன்ச். அடுத்த வரிக் கல் அந்த இடைவெளியின் நடுவில் உட்கார்ந்தால் ஓரத்துக்கு 2⅜ இன்ச் பிடிப்பு. இடைவெளியை 5, 6 என்று பெருக்காதீர்கள், பிடிப்பு போய்விடும். நாலு வரிக்கு ஒரு 6 மி.மீ. கம்பி, இரண்டு முனையும் பக்கச் சுவருக்குள். ஐந்து அடியில் 75 மி.மீ. கான்கிரீட் பட்டை. அகலம் ஐந்து அடியைத் தாண்டினால் நடுவில் ஒன்பது இன்ச் தூண். படிக்கட்டின் தளமோ பீமோ ஜாலி மேல் உட்காராமல் தனியாகச் சுமை இறங்க வேண்டும். சதுர அடிக்கு மூன்றரைக் கல் போகும். 4 இன்ச் மரத்துண்டு நாலைந்து வெட்டி வைத்துக்கொண்டு அளவுக்கு வைத்துக் கட்டினால் துளைகள் நூல் பிடித்தமாதிரி வரும். பிதுங்கும் கலவையை உடனே வழித்துவிடுங்கள். காய்ந்த பின் துளைக்குள் கை போகாது.

மழை ஜாலி வழியே படிக்கட்டுக்கு வரத்தான் செய்யும். தரையை வெளிப்பக்கம் நூற்றுக்கு ஒன்று சரித்து ஒரு குழாய் விடுங்கள். கொசுவலையைக் கழற்றக்கூடிய சட்டத்தில் உள்பக்கம் மாட்டுங்கள். முதல் மாடியில் கைப்பிடிச் சுவருக்குப் பதிலாக ஜாலி வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு அது ஏணி.

---

உப்புக்காற்று எழுதியது:

சேம்பரா வயர்கட்டா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. எலிப்பொறிக் கட்டில் சுவரின் இரண்டு முகமும் ஒரே குறுக்குக்கல்லால் அளக்கப்படுவதால் அளவு ஒன்றுபோல் உள்ள கல்தான் முக்கியம், பெயர் அல்ல. நல்ல சேம்பர் கல் போதும். 230 × 110 × 70 கல்லுக்கு ஐ.எஸ். 1077 வைக்கும் சோதனை எளிது: 20 கல்லை வரிசையாக அடுக்கினால் நீளம் 4520 முதல் 4680 மி.மீ.க்குள், அகலம் 2160 முதல் 2240க்குள், உயரம் 1360 முதல் 1440க்குள். சூளையில் வைத்தே டேப் பிடித்துப் பாருங்கள். பிறகு காய்ந்த கல்லை எடைபோட்டு 24 மணி நேரம் ஊறவைத்து மீண்டும் எடைபோடுங்கள். மூன்று கிலோக் கல் 600 கிராமுக்கு மேல் தண்ணீர் குடித்தால் வேண்டாம். பூசாத சுவருக்கு நான் 450ஐத் தாண்டவிட மாட்டேன்.

உங்கள் போர் தண்ணீர்தான் இந்த வீட்டின் எதிரி. ஒரே லோடிலிருந்து இரண்டு கல். இரண்டு தட்டில் ஓர் இன்ச் தண்ணீர், ஒன்றில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், இன்னொன்றில் போர் தண்ணீர். கல்லை நெட்டாக நிறுத்தி, தண்ணீர் வற்றியதும் மறுபடி ஊற்றி இன்னொரு முறை வற்றவிடுங்கள். டிஸ்டில்டு தட்டிலும் வெள்ளை பூத்தால் உப்பு கல்லில் இருக்கிறது, லோடைத் திருப்புங்கள். போர் தட்டில் மட்டும் பூத்தால் கலவைக்கும் ஊறவைக்கவும் கியூரிங்குக்கும் லாரித் தண்ணீர். கம்பி உள்ள கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் ஐ.எஸ். 456 அனுமதிக்காது. ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டே பெல்ட்டை வாருங்கள்.

கட்டிய பின் வெள்ளை பூத்தால் முதல் காரியம் தண்ணீர் அடிப்பதல்ல. உப்பு கரைந்து திரும்பக் கல்லுக்குள் போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கீழே விழுந்ததை அள்ளி வெளியே கொட்டுங்கள். பளபள வார்னிஷ் அடித்துவிடாதீர்கள். உப்பு அதற்குப் பின்னால் சேர்ந்து கல்லின் முகத்தையே செதில் செதிலாகத் தள்ளும். அடிப்பதானால் கல் மூச்சு விடக்கூடிய சிலேன்-சிலாக்சேன் வகை, அதுவும் சுவர் ஒரு கோடை காய்ந்த பிறகு. பூசாமல் கட்டிவிட்டு மேலே சிவப்பு பெயின்ட் அடிக்கும் வழக்கம் எதற்கென்று எனக்குப் புரிந்ததே இல்லை.

தரையிலிருந்து இரண்டு அடி வரை மழை தெறிக்கும். அங்கே செங்கல்லைக் காட்டாமல் கருங்கல்லோ பூச்சோ விடுங்கள். பேஸ்மென்ட் மேல் 40 மி.மீ. கான்கிரீட், அதன் மேல் தார்ப் பூச்சு போட்டுத்தான் முதல் வரி.

---

கூடுவாஞ்சேரி_மனை எழுதியது:

தட்டுச் சோதனையை இந்த வாரமே தொடங்குகிறேன். கடைசியாக ஒன்று: வெளிச்சுவர் கணக்குப் போட்டதில் பூசாத பரப்பு சுமார் 1600 சதுர அடி. கல்லை ஒரே தடவையில் இறக்கவா, வேலை போகிற போக்கில் எடுக்கவா?

---

சித்தாள்முதல் எழுதியது:

1600க்கு 12,800 கல். பூசாத சுவருக்கு மட்டும் ஒரே சூளை, ஒரே சமயத்துல எடுத்த லோடு. மழைக்கு முன்னாடி இறக்கி, தார்ப்பாய் போட்டு, அடியில பலகை குடுத்து அடுக்குங்க. மண்ணு மேல அடுக்கினா அடி ரெண்டு வரிசை உப்பு உறிஞ்சிடும். சூளைக்குள்ள நெருப்புக்குக் கிட்ட இருந்த கல் கருஞ்சிவப்பு, தள்ளி இருந்தது ஆரஞ்சு. ஒரு லாரியை முடிச்சிட்டு அடுத்த லாரின்னு கட்டினா சுவருல பட்டை பட்டையாத் தெரியும். கல்லை மூணு அடுக்கா வச்சு, மூணுலேருந்தும் மாத்தி மாத்தி எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க. முகம் நல்லா இருக்கிற கல்லை சித்தாள்தான் பொறுக்கிக் குடுக்கணும், கொத்தனாருக்கு அதுக்கு நேரம் இருக்காது. அந்த வேலைக்குன்னு தனியா ஒரு ஆள் கூலி ஒதுக்கிடுங்க. கழிச்ச கல்லெல்லாம் பூசுற நடுச்சுவருக்குப் போகட்டும், ஆனா தட்டினா கணீர்னு சத்தம் வர்ற கல்லா இருக்கணும்.